ஆயில் லைட்டு அணையாத வியாழக்கிழமை

சித்தப்பா கார் மெக்கானிக் வேலை படித்துக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக ஒரு தும்மல்கூடப் போட முடியாது. தும்மினால் போதும், அவருடைய விசாரணை தொடங்கிவிடும். எப்போது ஆரம்பித்தது, காலையில் எழுந்ததும் வருகிறதா, வேலை செய்து உடம்பு சூடான பிறகு வருகிறதா, தொடர்ந்து வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா. எதிரில் நிற்பது மனிதரா வண்டியா என்ற பேதமே அவருக்கு இல்லாமல் போய்விட்டது. "ஒரு டம்ளர் மொளகு ரசத்துல போற சளிக்கு இவன் இன்ஜினையே எறக்கி வெச்சிடுவான் போலக் கீதே" என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. திருப்புலிவனத்தைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. விடியற்காலையில் சைக்கிளில் உத்திரமேரூர் போய், அங்கே வரும் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, ஒரகடம் பக்கத்தில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போய்வந்தார். அப்பாவிடம் ஒரு பழைய வேன் இருந்தது. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று சவாரி போகிற வேன். அந்த வண்டிக்கு இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கினால்தான் கண்ணில் படும். சித்தப்பா படிக்கப் போன பிறகு அந்தச் சீட்டு உட்காருவதற்குப் பயன்பட்ட நேரம் குறைவு.

பயிற்சி மையத்தில் ஒரு வழக்கம் உண்டாம். வாத்தியார் யாருக்கும் தெரியாமல் ஒரு காரில் ஏதாவது கோளாறு செய்து வைத்துவிடுவார். மாணவர்கள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். சித்தப்பா அந்த வழக்கத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். சவாரியும் வகுப்பும் இல்லாத காலைகளில் அவர் பம்புசெட்டில் குளித்துவிட்டு வருவதற்குள் நாங்கள் வேனில் எதையாவது கெடுத்து வைக்க வேண்டும். நான் ஹாரன் ஃபியூஸைப் பிடுங்கி என் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டேன். அம்மா சைலன்சர் குழாய்க்குள் கரித்துணியை அடைத்தாள். அப்பாவுக்கு இந்த விளையாட்டே பிடிக்காது. ஓடுகிற வண்டியை வேலை மெனக்கெட்டுக் கெடுப்பதா என்பார். ஒரே ஒரு முறை மட்டும் அவரும் சேர்ந்துகொண்டார். அன்றைக்கு சித்தப்பா பாட்டரியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் பார்த்து வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்துவிட்டார். வண்டியில் ஒரு குறையும் இல்லை. அப்பா சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "சாவி இல்லாட்டி வண்டி ஓடாது. அப்ப அதுவும் ஃபால்ட்டுதானே?" என்றார். அதோடு அவரை ஆட்டத்திலிருந்து நீக்கிவிட்டோம்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் சித்தப்பா மூன்று கேள்விகள் கேட்பார். எப்போது ஆரம்பித்தது? எப்போது அதிகமாகிறது? கடைசியாக யார் கை வைத்தது? மூன்றாவது கேள்விதான் பாதி வைத்தியம் என்பது அவருடைய வாத்தியாரின் கட்சி. அதைக் கேட்கும்போது சித்தப்பா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து மாட்டிக்கொள்வேன். நான் செய்த கோளாறுகளை எல்லாம் அவர் அப்படித்தான் கண்டுபிடித்தார் என்பதைப் பிறகு யோசித்துப் பார்த்தால் தெரிகிறது.

ஆட்டத்துக்கு ஒரே ஒரு தடை இருந்தது. ஆயில் பக்கம் யாரும் போகக் கூடாது. அதில் மட்டும் அவர் விளையாட்டுப் பேச்சே பேசமாட்டார். என் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வேகமாகத் தேய்க்கச் சொன்னார். சுட்டது. பிறகு கையில் தேங்காயெண்ணெய் ஊற்றித் தேய்க்கச் சொன்னார். வழுக்கியது. "உள்ள இரும்பும் இரும்பும் ஓடிக்கினே கீது. அதுங்க ஒண்ணை ஒண்ணு தொடாம நடுவுல ஒரு பாலேடு மாதிரி நிக்குது பாரு, அதான் ஆயில். அது இல்லைன்னா கொஞ்ச நேரத்துல எல்லாம் ஒட்டிக்கினு இறுகிடும். அப்பால அது இன்ஜின் இல்ல, வெறும் இரும்பு" என்றார். ஆயில் உரசலைக் குறைக்கிறது, சூட்டை எடுத்துப் போகிறது, அழுக்கைக் கழுவுகிறது, இடுக்கை அடைக்கிறது, துருப் பிடிக்காமல் காக்கிறது என்று நான் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன். அளவு பார்க்கிற கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, நுனியில் இருக்கும் ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்ப்பார். நறநறவென்றால் தூசி. பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது. கடைசியில் மோந்து பார்ப்பார். அம்மா கொதிக்கிற குழம்பை மோந்து உப்பு போதாது என்று சொல்வாளே, அதே முகம்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. எண்ணெய் ஊற்றுகிற கெண்டி மாதிரி ஒரு சின்னப் படம், அதன் மூக்கில் ஒரு சொட்டு. சாவியைத் திருப்பினால் அது எரியும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அணைந்துவிட வேண்டும். அணையாவிட்டால் ஆயில் மேலே ஏறவில்லை என்று அர்த்தம். அடுத்த தெருவரைக்கும்கூட வண்டியை ஓட்டக் கூடாது.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் எங்கள் அத்தை வீட்டில் இருந்தாள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை. வைகாசியில்தான் அவளுக்குக் கல்யாணம் ஆகி திருமுக்கூடலுக்குப் போயிருந்தாள். முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார்கள். மாதம் முழுக்க மாப்பிள்ளை அங்கே, பெண் இங்கே. ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வந்து கூட்டிப் போவார். தாய் வீடு என்று பெயர்தானே தவிர, எங்கள் வீட்டில் தாய் இல்லை. அப்பாவைப் பெற்ற ஆயா, அத்தை கல்யாணத்துக்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அந்த ஒரு மாதமும் அத்தை வேனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். முருங்கைக்கீரை ஆய்வாள், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையை உரிப்பாள், சித்தப்பா சொல்வதை எல்லாம் கேட்பாள். எங்களைப் போல அவள் சும்மா தலையாட்டுகிற ரகம் இல்லை. திருப்பிக் கேள்வி கேட்பாள். ஒருநாள் அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றிக் கேட்டாள்.

"ஏன் சின்னண்ணா, உள்ள ஆயில் ஏறலன்னு அந்த லைட்டுக்கு யாரு போய்ச் சொல்றது?"

சித்தப்பாவுக்கு இந்த மாதிரிக் கேள்வி என்றால் விருந்து சாப்பிட்ட மாதிரி. விளக்கிலிருந்து ஒரே ஒரு ஒயர் இன்ஜினுக்கு வருகிறது, அது முடிகிற இடத்தில் ஒரு சின்ன சுவிட்சு இருக்கிறது, ஆயில் அழுத்தம் இல்லாதபோது சுவிட்சு அந்த ஒயரை இன்ஜின் இரும்போடு சேர்த்து வைத்திருக்கும், விளக்கு எரியும், அழுத்தம் வந்ததும் பிரித்துவிடும், விளக்கு அணையும் என்று விளக்கினார். "அப்ப அந்த ஒயரைக் கழட்டி இரும்பு மேல வெச்சிட்டா?" என்றாள் அத்தை. "ஆயில் நல்லாவே கீதுன்னாலும் லைட்டு எரிஞ்சிக்கினேதான் இருக்கும்" என்றார் அவர். நான் அப்போது பொக்கு மல்லாட்டைகளைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, புத்தியில் நிற்கவில்லை.

அத்தையின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாத மனிதர். காஞ்சிபுரத்தில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் சூப்பர்வைசர். சித்தப்பாவின் படிப்பு முடிகிற நேரம். வேலை வேண்டும். அப்பா கல்யாணப் பந்தலிலேயே மெதுவாகக் காதில் போட்டு வைத்திருந்தார். "எங்க சென்டர்ல ஆள் எடுப்பாங்க மச்சான். மொதல்ல அவர் கை எப்பிடின்னு பாக்கணும், பாத்துட்டுச் சொல்றேன்" என்று மாமா சொல்லியிருந்தார். அதிலிருந்து அப்பா தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வாயால் நல்ல வார்த்தை வந்தால் காஞ்சிபுரத்தில் வேலை. வராவிட்டால் படித்தது போதும், வேன் ஸ்டியரிங்கைப் பிடித்து சவாரி ஓட்டு, நான் கழனியைப் பார்த்துக்கொள்கிறேன். சித்தப்பாவுக்கு வண்டியைத் திறந்து பார்க்கத்தான் ஆசை. ஓட்டுவது என்றால் வேப்பங்காய். ராத்திரி சாப்பிடும்போதுகூட அவர் உதடு ஏதோ பாடத்தை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமையைக் குறித்தார்கள். மாமா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நாஷ்டாவுக்கு இட்லியும் வடைகறியும். அம்மா விடியலிலேயே மஞ்சள் உரசி அத்தைக்குப் பூசிக்கொள்ளக் கொடுத்திருந்தாள். அத்தை பச்சைப் புடவையில், முகமும் கையும் மஞ்சளாக, அழுது அழுது வீங்கிய கண்களோடு நின்றாள். வேனில் முறுக்குத் தூக்கு, அதிரசத் தூக்கு, ஒரு அரிசி மூட்டை, புதுப் பாய் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. எனக்கும் கூட வரச் சொல்லி உத்தரவு. பாலாற்றைப் பார்க்கலாம் என்று நான் எல்லோருக்கும் முன்னால் ஏறி ஜன்னல் ஓரம் பிடித்துவிட்டேன். நல்ல நேரம் முடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று அப்பா அவசரப்படுத்தினார்.

அப்பா கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஓடியது. கெண்டி விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

"அண்ணா, ஆஃப் பண்ணு! ஆஃப் பண்ணு மொதல்ல!" என்று சித்தப்பா கத்தினார்.

அப்பா அணைத்துவிட்டார். பெண்ணை அனுப்புகிற நேரத்தில் சிவப்பு விளக்கு என்றதும் அவர் முகம் சுண்டிப்போனது. ஆனால் சித்தப்பாவுக்கோ முகத்தில் ஒரு களை. மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்றே வேன் நல்ல நேரம் பார்த்துக் கெட்டிருக்கிறது என்று நானும் சந்தோஷப்பட்டேன். எல்லோரையும் இறங்கச் சொல்லி, முன்சீட்டைத் தூக்கி, ஆயில் கொஞ்சம் கீழே இறங்கட்டும் என்று காத்திருந்து கம்பியை உருவினார். அளவு சரியாக இருந்தது. விரலில் தேய்த்தார், மோந்தார், மாமாவிடமும் நீட்டினார். "அளவு கரெக்டா கீது மாப்ள. தண்ணி சேரல, பெட்ரோல் வாசனை இல்ல. ஆயில்ல தப்பு இல்ல. மிச்சம் கீறது பம்பு, சுவிட்சு, ஒயரு. மூணுல ஒண்ணு" என்றார். அவசரமில்லாமல், படபடப்பில்லாமல் சொன்னார். மாமா தலையசைத்தார். அப்பா யாரும் பார்க்காதபோது மீசையை ஒருமுறை நீவிக்கொண்டார். வேலை கிடைத்துவிட்டது என்றே எனக்குத் தோன்றியது.

சித்தப்பா கோணியைப் போட்டுக்கொண்டு டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். நானும் அவர் பக்கத்தில் ஊர்ந்து போனேன். புதுப் பாவாடை பாழாகிறது என்று அம்மா கத்தியது கேட்டது. இன்ஜினின் பக்கவாட்டில் வெளிச்சம் ஊர்ந்து போய் ஒரு இடத்தில் நின்றது. ஒரு ஒயர், அது மாட்டியிருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல், பக்கத்தில் ஒரு போல்ட்டுக்கு அடியில் செருகி இருந்தது. அதன் நுனி மஞ்சளாக இருந்தது.

"இது இன்னாத்துக்கு மஞ்சளா கீது சித்தப்பா?"

"துரு. நீ கம்முனு இரு பாப்பா."

துரு இந்த நிறத்தில் இருக்காது என்பது எனக்கே தெரியும். ஆனால் படித்தவர் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். சித்தப்பா அந்த ஒயரைத் தொடவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு அப்படியே படுத்திருந்தார். சக்கரங்களுக்கு நடுவே வெளியே நிற்பவர்களின் கால்கள் தெரிந்தன. அப்பாவின் கால்கள் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தன. அத்தையின் கால்கள் ஒரே இடத்தில் நின்றன. புது மெட்டி போட்ட ஒரு காலை மற்றொரு காலால் மிதித்துக்கொண்டு நின்றாள். சித்தப்பா அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது அவர் முகத்தில் அந்தக் களை இல்லை. "தெரியல அண்ணா. பம்பு போயிருக்கும்னு நெனைக்கிறேன். வண்டிய எடுக்க முடியாது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்றில் ஒன்று என்று அத்தனை அழகாகச் சொன்னவர் தெரியவில்லை என்கிறார். அந்த மூன்று கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை. யார் கடைசியாகக் கை வைத்தது என்று கேட்கவே இல்லை. அப்பாவுக்கு வந்ததே கோபம். "நெனைக்கிறியா? ரெண்டு வருசமா ஒரகடம் போய் இதான் கத்துக்கினு வந்தியா? மாப்ள முன்னாடி மானத்த வாங்குறியேடா" என்று கத்தினார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு கையில் இருந்த கறையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் ஒரு வாட்டி பாக்கட்டுமா?" என்றார் மாமா.

சித்தப்பா வெளிறிப்போனார். "வேணாம் மாப்ள, வேட்டி அழுக்காயிடும்" என்றார். மாமா அதற்குள் டார்ச்சை வாங்கிக்கொண்டு, அந்த வெள்ளை வேட்டியோடு வண்டிக்கு அடியில் போய்விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. அத்தை வேனின் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சூப்பர்வைசருக்கு இவ்வளவு நேரமா பிடிக்கும் என்று எனக்கு இருந்தது.

மாமா எழுந்து வந்தார். வேட்டியின் பின்பக்கம் முழுக்கக் கிரீஸ். கட்டை விரலை ஆள்காட்டி விரலோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டே அத்தையின் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பி, "சின்ன மச்சான் சொல்றது சரிதான். பம்புதான். எடுக்காதீங்க. இந்த வண்டிக்குப் பம்பு ஆர்டர் போட்டுத்தான் வரவைக்கணும். ஞாயித்துக்கெழமை நானே எடுத்துக்கினு வர்றேன்" என்றார்.

அப்பா வேறு வண்டி அமர்த்தச் சம்மதிக்கவில்லை. வீட்டில் வேனை வைத்துக்கொண்டு ஊரான் வண்டியில் தங்கையை அனுப்பினால் ஊர் சிரிக்கும் என்பது அவர் வாதம். சீர் சாமான்களோடு இரண்டு பஸ் மாறுவதும் நடக்காது. வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணை அனுப்பக் கூடாது. சனிக்கிழமை ஆகாது. ஆக ஞாயிற்றுக்கிழமைதான் என்று முடிவானது. மாமா அப்பாவின் கைலியைக் கட்டிக்கொண்டு, அழுக்கு வேட்டியைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகப் பஸ் ஏறிப் போனார்.

எனக்குப் பாலாறு பார்க்கக் கிடைக்காமல் போனது. அந்த ஆத்திரம் முழுவதையும் சித்தப்பா மேல் காட்டினேன். "பம்பு, பம்பு" என்று அவருக்குப் பேர் வைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடமாட்டேன் என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன். மாப்பிள்ளை எதிரில் 'தெரியல' என்று சொன்னதற்காக அப்பாவும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு சவாரி கைவிட்டுப் போனதில் அப்பாவுக்கு இன்னும் எரிச்சல். சித்தப்பா எதற்கும் வருத்தப்பட்டவராகத் தெரியவில்லை. அத்தை மட்டும் அவருடைய தட்டில் மீன் துண்டுகளாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் அத்தை நேரம் கழித்து எழுந்தாள். அம்மா அவளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிவிட்டாள், ஏரி மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். அவள் ஒரு வேலையும் செய்யாமல், சிரித்துக்கொண்டு, பழைய பாவாடை தாவணியைக் கட்டிக்கொண்டு வீடெல்லாம் சுற்றி வந்தாள். சாயங்காலம் தரையில் கட்டம் போட்டு என்னோடு பாண்டி ஆடினாள்.

நான் காலேஜ் படிக்கும்போது ஒருநாள், திருமுக்கூடலில் அத்தையின் அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டே அவள் இதையெல்லாம் சாதாரணமாகச் சொல்ல ஆரம்பித்தாள். விடியலில் மஞ்சள் கையோடு வேனுக்கு அடியில் போனது அவள்தான். நல்ல வீடு, நல்ல மனிதர், அங்கே அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மற்ற வீடுகளில் மாப்பிள்ளை கூப்பிட வந்தால், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அம்மாக்காரி, "ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டுமே" என்பாள். மாப்பிள்ளையும் சரி என்பார். அதைச் சொல்ல அம்மாவுக்குத்தான் பாத்தியதை. அண்ணன் சொன்னால், பெண்ணுக்கு அங்கே ஏதோ குறை என்று பேச்சு வரும். அண்ணி சொன்னால் அதிகப்பிரசங்கி என்பார்கள். "எங்கம்மா இருந்திருந்தா சொல்லியிருக்கும். எனக்கா வாயத் தொறந்து கேக்கத் தெரியல. பெரியண்ணன் காலைலேந்து போலாம் போலாம்னு நிக்குது. எனக்கு இன்னா செய்யிறதுன்னே தெரியாம ஒயரைப் புடுங்கிட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும் வந்தது.

சித்தப்பா அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆயிலோடு சம்பந்தப்பட்டதை யாரும் தொடக் கூடாது என்று சட்டம் போட்டவர், அதற்காகக்கூடத் திட்டவில்லை. மாமா மட்டும் ஞாயிற்றுக்கிழமை போகும் வழியில், பாலாற்றுப் பாலத்தில், நான் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாராம்: "அடுத்த வாட்டி எங்கிட்டயே சொல்லு. வேட்டி அழுக்காவுது."

இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு ஒன்றும் தெரியாது. மாமா சொன்னபடி ஒரு பையோடு வந்தார். பம்பு எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசையில் நான் பையைத் திறந்து பார்த்தேன். உள்ளே வாழைப்பழமும் மல்லிகைப் பூவும்தான் இருந்தன. பம்பு ரொம்பச் சின்னதாக இருக்கும், சட்டைப்பையில் வைத்திருப்பார் என்று முடிவு செய்துகொண்டேன். சித்தப்பா வண்டிக்கு அடியில் போனார். அம்மா டீ ஆற்றி முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டார். அப்பா சாவியைத் திருப்பினார். கெண்டி விளக்கு எரிந்து அணைந்தது. பழைய பம்பு எங்கே என்று அப்பா கேட்டார். கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார் மாமா. அப்பா நம்பினார்.

ஏறப்போகிற நேரத்தில் மாமா அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். நான் ஜன்னல் ஓரத்தில் இருந்ததால் எல்லாம் கேட்டது.

"சின்ன மச்சானை நாளைக்கே எங்க சென்டருக்கு வரச் சொல்லுங்க. நான் பேசிட்டேன்."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அவனா? அன்னிக்குப் பாத்தீங்களே மாப்ள, தெரியல, நெனைக்கிறேன்னு இழுத்தான். நீங்க பாத்துச் சொன்னப்பறம்தான் பம்புன்னு உறுதியாச்சு."

"பாத்தேன் மச்சான். அதான் வரச் சொல்றேன்" என்றார் மாமா.

சித்தப்பா சற்றுத் தள்ளி நின்று அழுக்குத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். அத்தை அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அழுதாள். நான் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு இந்தப் பெரியவர்களை எல்லாம் பார்த்தேன். கண்ணெதிரே இருக்கிற மஞ்சளைத் துரு என்கிற ஒருவர். பம்பைப் பைக்குள் வைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருகிற இன்னொருவர். இவரை நம்பி அவரை வேலைக்குச் சேர்க்கிறார்கள். அந்த சர்வீஸ் சென்டர் ஒரு மாதம்கூடத் தாங்காது, எங்கள் வேனை அந்தப் பக்கமே விடக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லிவைக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.